தலைமைப் பீடமும் பந்தாட்டக் களமும்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரத்துக்குச் செல்லும் வழியில், மேற்கே மலைத்தொடர் மதிலைப்போல் எழுந்து நிற்க, அதன் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது ராசிங்காபுரம். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் ஆடவரும் பெண்டிரும், பொழுது சாயும் வேளையில் அலுத்துத் திரும்பி வரும் பிரதேசம் இது. ஏலக்காய் விலை ஏறினால் கடைவீதி சிரிக்கும். இறங்கினால் கடைவீதி வாடும். இத்தகைய ஊர்களில் வாலிபர்கள் மாலைப்பொழுதைக் கழிப்பதற்கு உரிய இடங்கள் மிகச் சில. ஒன்று டீக்கடை; மற்றொன்று விளையாட்டுத் திடல். திடல் இல்லாத ஊரில் டீக்கடை ஒன்றே மிஞ்சுகிறது. டீக்கடையோடு நிற்காதவன் எங்கே போய்ச் சேருகிறான் என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை; அவனைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

பொங்கலும் ஊர்த் திருவிழாவும் வந்துவிட்டால், நமது ஜில்லாவில் எந்த ஊருக்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். "மாபெரும் பந்தயம்" என்று விளம்பரத் தட்டி ஒன்று நாட்டப்பட்டிருக்கும். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு தலைவரின் படம். அவருக்குக் கீழே அவருடைய தலைவரின் படம். சுற்றிலும் வேறு பல பிரமுகர்களின் தலைகள். எங்கோ ஒரு மூலையில் பந்து ஒன்று சிறிதாக வரையப்பட்டிருக்கும். ஆடப்போகிறவர்களின் பெயர்கள் அந்தத் தட்டியில் இரா. பந்தயம் முடியும், கோப்பை வழங்கப்படும், போட்டோ எடுக்கப்படும், தலைவரின் கார் புறப்பட்டுப் போகும். மறுநாள் காலையில் திடலில் மிஞ்சியிருப்பவை தட்டியின் மூங்கிற் கழிகளே.

அரசியல்வாதிக்கும் பந்தாட்டக் கழகத்துக்கும் உரிய சம்பந்தம் எது? "அரசியல்வாதி விளையாட்டின் பக்கமே வரலாகாது" என்பார் ஒரு சாரார். "அவருடைய தயவின்றித் திடலும் இல்லை, பரிசும் இல்லை, ஆகையால் அவரே தலைவராக இருந்து தொலையட்டும்" என்பார் மற்றொரு சாரார். இரண்டும் அரை உண்மைகள் என்பது நமது அபிப்பிராயம். தலைவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர், எத்தனை பெரிய மனிதர் என்பவையல்ல நாம் கேட்க வேண்டிய கேள்விகள். அவர் எழுந்து போன பிறகு அந்தப் பீடத்தின் கீழே என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி. இதை வெறும் தர்க்கத்தால் விளக்குவதைவிட ஒரு மனிதரின் ஜீவிய சரித்திரத்தைக் கொண்டு விளக்குவது எளிது.

சென்னைக்கு வந்த அக்கிராசனர்

1914-ம் வருஷம் டிசம்பர் மாதம். ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டு நாலைந்து மாதங்களே ஆகியிருந்தன. சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அன்னி பெஸண்ட் அம்மையார் காங்கிரஸில் வந்து சேர்ந்த வருஷம் அது. சென்னைக் கவர்னராக இருந்த பெண்ட்லண்ட் பிரபு காங்கிரஸ் பந்தலுக்கே வந்து போனார். ஆளும் வர்க்கத்தார் காங்கிரஸைத் தீண்டத் தகாததாகக் கருதிய காலத்தில் அது பெரிய செய்தி. அந்த மகாசபையில் அக்கிராசனம் வகித்தவர் வங்காளத்து ஸ்ரீ பூபேந்திரநாத் போஸ். கல்கத்தாவில் பெயர்பெற்ற சொலிசிட்டர். சட்டசபையில் பல வருஷம் பழகியவர். மிதவாதிகளின் முன்னணியில் நின்றவர். இவை சரித்திரப் புத்தகங்களில் உள்ளவை. ஆனால், காங்கிரஸின் அக்கிராசனத்தில் அமர்வதற்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்னரே அவர் வேறொரு தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர் என்பதைத் தமிழ் நாட்டில் அறிந்தோர் சிலரே. மோகன் பகான் பந்தாட்டக் கழகத்தின் முதல் தலைவர் அவர்.

1859-ல் பிறந்த பூபேந்திரநாத், கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் பயின்று, 1881-ல் எம். ஏ. பட்டமும் பின்னர் சட்டப் பட்டமும் பெற்றுத் தொழிலில் இறங்கினார். 1889 ஆகஸ்டு 15-ந் தேதி, வட கல்கத்தாவில் பலராம் கோஷ் தெருவிலுள்ள அவருடைய இல்லத்தில் அக்கம் பக்கத்துப் பெரிய குடும்பங்களைச் சேர்ந்த சிலர் கூடினர். மித்திரர், சேனர், போஸ் ஆகிய குடும்பத்தார் அவர்கள். கீர்த்தி மித்திரர் என்பவருடைய மாளிகைக்கு மோகன் பகான் என்று பெயர். அங்கே பந்தாடிப் பழகிவந்த இளைஞர்களுக்கு ஒரு கழகம் வேண்டும் என்று தீர்மானமாயிற்று. பூபேந்திரநாத் தலைவர்; ஜதீந்திரநாத் போஸ் காரியதரிசி. அப்பொழுது தலைவருக்கு வயது முப்பது. அவர் காங்கிரஸ் தலைவரும் அல்ல. சட்டசபை அங்கத்தினரும் அல்ல. தொழிலில் முன்னேறிவந்த ஒரு வக்கீல். புகழ் பெற்றபின் ஒரு கழகத்தைப் பிடித்து அதன்மேல் ஏறி நின்றவர் அல்லர் அவர். ஆடுவதற்குப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது, அதை அமைக்க முன்வந்தார். முதற்கண் கவனிக்க வேண்டியது இது.

கழகத்துக்கு முதலில் 'ஸ்போர்டிங் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். முதலாண்டு நிறைவு விழாவுக்கு வந்த பேராசிரியர் ரோ என்ற ஆங்கிலேயர், "இங்கே வேட்டையாடுவதுண்டா, தூண்டில் போடுவதுண்டா?" என்று விசாரித்தாராம். இல்லை என்று தெரிந்ததும், "அப்படியானால் 'அத்லெடிக் கிளப்' என்பதே பொருத்தம்" என்றாராம். பெயர் மாறிற்று. இது அற்பச் செய்திபோல் தோன்றும். ஆனால், தன் பெயரும் தன் செய்கையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று பிறந்த முதல் வருஷத்திலேயே திருத்திக்கொண்ட சங்கம் அது. பெயருக்கும் செய்கைக்கும் ஒட்டே இல்லாத சங்கங்கள் மலிந்த நமது நாட்டில் இதை நினைவில் வைப்பது நல்லது.

இருபத்திரண்டு வருஷங்கள்

ஆரம்பித்த வேகத்தில் அந்தக் கழகம் எதையும் வென்றுவிடவில்லை. 1892-ல் வெள்ளையர் பட்டாளத்துக் கோஷ்டி ஒன்றை டிரேட்ஸ் கோப்பைப் பந்தயத்தில் தோற்கடித்து இந்தியருக்கு முதற் பெருமை தேடித் தந்தது ஷோபாபஜார் கழகமே. மோகன் பகான் அல்ல. பதினைந்து வருஷ காலம் சொல்லிக்கொள்ளத்தக்க வெற்றி எதுவுமின்றியே மோகன் பகான் நடந்துவந்தது. இக்காலத்துத் தலைவர்களில் எத்தனை பேர் கோப்பையும் போட்டோவும் இல்லாத ஒரு கழகத்தைப் பதினைந்து வருஷம் தாங்குவார்கள்?

1900-ல் சைலேந்திரநாத் போஸ் என்பவர் காரியதரிசியானார். அவர் பட்டாளத்தில் சுபேதார் மேஜராக இருந்தவர். ஆட்டக்காரர்களின் தேகப் பயிற்சியையும் கட்டுப்பாட்டையும் ராணுவ முறையில் அவர் சீர்ப்படுத்தினார். பலன் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 1904-ல் கூச்பிகார் கோப்பை. 1905-ல் கிளாட்ஸ்டன் கோப்பையின் முடிவுப் பந்தயத்தில் டல்ஹௌஸி என்னும் ஐரோப்பியர் கழகத்தை ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்தியது. 1906, 1907, 1908 மூன்று வருஷங்களிலும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பை. விஷயம் தெரிந்தவனிடம் பயிற்சியை ஒப்படைத்துவிட வேண்டும்; சங்கத்தின் மானத்துக்கும் கணக்குக்கும் தலைமை பொறுப்பேற்க வேண்டும்; ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுப்பதில் பிரமுகரின் சிபாரிசு நுழையலாகாது. மோகன் பகானின் உயர்விலிருந்து நாம் கற்கும் பாடம் இதுவே.

இதே காலத்தில் பூபேந்திரநாத்தின் அரசியல் வாழ்வும் வளர்ந்தது. 1904-ல் அவர் வங்காளச் சட்டசபையில் புகுந்தார். கர்ஸான் பிரபு வங்காளத்தைத் துண்டாட முனைந்தபோது, 1905-ல் மைமன்சிங்கில் கூடிய மாகாண மகாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். அவ்வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள் பகிஷ்காரம் பிரகடனமாயிற்று. அக்டோபர் 16-ல் பிரிவினை அமுலுக்கு வந்தது. மிதவாதியாயினும் பிரிவினையை எதிர்ப்பதில் அவர் பின்வாங்கவில்லை. 1910-ல் பத்திரிகைகளின் கழுத்தை நெரிக்கும் சட்டம் இம்பீரியல் சட்டசபைக்கு வந்தபோது, பெரியவர்கள் பலர் தயங்கி நிற்க, மாளவியாஜியைப்போலவே எதிர்த்துக் குரல் எழுப்பிய சிலரில் அவரும் ஒருவர். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர் எவரும் இதை மறக்க முடியாது.

ஜூலை 29

1911-ம் வருஷத்து ஐ. எப். ஏ. கேடயப் பந்தயம். அது பெரும்பாலும் பட்டாளத்துக் கோஷ்டிகளின் பண்ணையாக இருந்து வந்தது. மோகன் பகான் முதலில் ஸெயிண்ட் ஸேவியர் கலாசாலையை வென்றது; பிறகு ரேஞ்சர்ஸ் கழகத்தையும் ரைபிள் பிரிகேட் பட்டாளத்தையும் வென்றது; அரையிறுதியில் மிடில்ஸெக்ஸ் பட்டாளத்துடன் சமமாக ஆடி, மறு ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து முறியடித்தது. ஜூலை 29-ந் தேதி முடிவுப் பந்தயம்; எதிரே கிழக்கு யார்க்ஷயர் பட்டாளம்.

பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். பாதரட்சை அணிந்தவர் கிறிஸ்தவப் பாதிரியாரான ஸுதீர் சட்டர்ஜி ஒருவரே. விசேஷ ரயில்கள் விடப்பட்டன; கூட்டத்தை அறுபதினாயிரம் என்றும் லட்சம் என்றும் பலவாறு மதிப்பிட்டார்கள். களத்தைக் காண முடியாமல் தொலைவில் நின்றவர்களுக்குக் காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்களாம். பிற்பாதியில் பட்டாளத்தார் முதல் கோலை அடித்தனர். தலைவன் சிவதாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலை அடித்தார். இரண்டுக்கு ஒன்று. இந்தியக் கோஷ்டி ஒன்று அந்தக் கேடயத்தை வென்றது அதுவே முதல் தடவை.

அவ்வருஷம் டிசம்பர் 12-ந் தேதி டில்லி தர்பாரில் வங்காளப் பிரிவினை ரத்தாயிற்று. ராஜதானியும் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறிற்று. பந்தாட்டத்தில் தோற்றதால்தான் வெள்ளையன் பிரிவினையை ரத்துச் செய்தான், கல்கத்தாவைவிட்டு ஓடினான் என்று சொல்லி மகிழ்வோர் உண்டு. கேட்க இனிமைதான், ஆனால் அது சரித்திரம் ஆகாது. ஆறு வருஷக் கிளர்ச்சியும், பகிஷ்காரமும், சிறை சென்றோரின் தியாகமும் செய்த வேலையை ஒரு பந்தின்மேல் ஏற்றிவிடக் கூடாது. அந்த ஆட்டம் செய்தது வேறு. "இவர்களால் முடியாது" என்ற எண்ணத்தை ஆண்டவர்களிடமிருந்து அகற்றியதோ இல்லையோ, ஆளப்பட்டவர்களின் நெஞ்சிலிருந்து அகற்றிற்று. அடிமைத்தனத்தின் பாதி பலம் அடிமையின் நெஞ்சில் இருக்கும் அந்த எண்ணமே அல்லவா?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்தப் பதினொருவரில் பலர் கிழக்கு வங்காளத்துப் பூர்விகத்தார்; ஒருவர் கிறிஸ்தவர். பிரிக்கப்பட்ட ஒரு தேசத்தின் இரு பாதியும் ஒரே கோஷ்டியில் நின்று ஆடின. கழகத்தின் முதல் தலைவர் அதே 1911-ல் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். "நான் ஹிந்துவல்ல, இந்த மதத்தவன் அல்ல" என்று பிரமாணம் செய்தால்தான் 1872-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்றிருந்த நிபந்தனையை நீக்கி, ஜாதி விட்டு ஜாதி மணப்போருக்கு வழிசெய்யக் கோரியது அம்மசோதா. வைதிகர்கள் சீறினர், சர்க்கார் கைவிட்டது, 1912-ல் மசோதா தோற்றது. ஆயினும் 1923-ல் ஒரு பகுதியாகவும், 1954-ல் சுதந்திர இந்தியாவின் சட்டமாக முழுமையாகவும் அது நிறைவேறிற்று. களத்தில் வெல்ல இருபத்திரண்டு வருஷம். சட்டத்தில் வெல்ல நாற்பத்து மூன்று வருஷம். அன்று தோற்ற கோரிக்கை அவர் காலத்துக்குப் பின்னரே வென்றது.

எந்த நாற்காலி மிஞ்சிற்று?

பூபேந்திரநாத்தை நாம் தெய்வமாக்க விரும்பவில்லை. 1917-ல் அவர் லண்டன் சென்று இந்தியா மந்திரியின் ஆலோசனைக் கவுன்ஸிலில் அங்கத்தினரானார்; 1923 வரையில் அங்கிருந்தார். 1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் ரத்தம் சிந்தப்பட்ட காலத்திலும், 1920-ல் காந்திஜியின் ஒத்துழையாமை நாடெங்கும் பரவிய காலத்திலும் அவருடைய இடம் அந்தக் கவுன்ஸிலாக இருந்தது. உள்ளிருந்து நன்மை செய்யலாம் என்று மிதவாதிகள் உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் தேசம் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. சுதேசிக் காலத்தில் ஜனங்களோடு நின்றவரை, பிற்காலத்தில் ஜனங்கள் தங்கள் பக்கத்தில் காணவில்லை. திரும்பிவந்து 1923-ல் கல்கத்தா சர்வகலாசாலையின் வைஸ் சான்ஸலராக அமர்ந்தார். மறு வருஷமே, 1924-ல், காலமானார்.

அவர் அமர்ந்த நாற்காலிகளை எண்ணிப் பார்ப்போம். இந்தியா மந்திரியின் கவுன்ஸில் இன்று இல்லை. இம்பீரியல் சட்டசபை இல்லை. அவர் தலைமை வகித்த மிதவாதக் காங்கிரஸ் அவர் கண் முன்னரே மறைந்தது. பெரிய நாற்காலிகள் மறைந்தன. முப்பதாவது வயதில், தெருவிலிருந்த சில பிள்ளைகளுக்காக அமர்ந்த அந்தச் சிறிய நாற்காலி மட்டும் அழியாமல் நிற்கிறது. காரணம் என்ன? மற்றவை அவருக்குக் கொடுக்கப்பட்டவை. இது அவரும் பிறரும் சேர்ந்து கட்டியது. மற்றவற்றில் அவர் எழுந்தால் இன்னொருவர் நியமனமாவார். இதில் அவர் எழுந்தாலும் ஆட்டம் நடக்கும்.

நிலைத்த சங்கத்துக்கும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அபிமானம் வெறியாகலாம். மோகன் பகானுக்கு எதிராக நடந்த ஓர் ஆட்டத்தில் ஒரு கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்ட மனக்கசப்பில் 1920-ல் ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது. இரு கழகங்களும் இந்தியப் பந்தாட்டத்தை வளர்த்தன என்பது உண்மை. 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் தோட்டத்தில் அவ்விரண்டும் மோதியபோது எழுந்த கலவரத்தில் பார்க்க வந்த பதினாறு பேர் உயிரிழந்தனர் என்பதும் உண்மை. பணமும் வந்து கழகத்தை விழுங்கப் பார்க்கலாம். 2020-ல் மோகன் பகானின் பந்தாட்டப் பிரிவு ஒரு பெரிய வியாபாரக் குழுவின் கையில் சேர்ந்து, கழகத்தின் பெயருக்கு முன்னால் வேறொரு பெயர் ஒட்டப்பட்டது. அபிமானிகள் விடாது கிளர்ச்சி செய்தார்கள். 2023-ல் அந்த ஒட்டுப் பெயர் நீங்கிற்று. பெயரை மீட்டவர்கள் தலைவர்கள் அல்லர். மேடையேறாத சாதாரண ஜனங்கள்.

பீடத்தைப் பிடித்துக்கொண்டால்

பீடத்தில் அமர்ந்தவர் எழுந்திருக்க மறுத்தாலோ, எழுந்திருக்க வழி அமைக்காவிட்டாலோ என்ன நேரும் என்பதற்கு நம் காலத்திலேயே திருஷ்டாந்தம் உண்டு. அகில இந்தியப் பந்தாட்டச் சம்மேளனத்தின் தலைமையில் 1988 முதல் 2008 வரையில் ஒரு காங்கிரஸ் தலைவர், ஸ்ரீ பிரிய ரஞ்சன் தாஸ் முன்ஷி இருந்தார். அவருக்குப்பின் தேசியவாத காங்கிரஸைச் சேர்ந்த ஸ்ரீ பிரபுல் படேல் இருந்தார். ஒருவர் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் தலைவராக இருக்கலாகாது என்பது விளையாட்டு விதி. 2020 டிசம்பரில் காலவரம்பு முடிந்தும், சங்க விதிகளைப்பற்றிய வழக்கு முடியவில்லை என்ற நிலையில் தேர்தல் நடைபெறவில்லை. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு நிர்வாகக் குழுவொன்றை நியமித்தது. வெளியார் தலையீடு என்று சொல்லிச் சர்வதேசச் சங்கமான பிஃபா அவ்வருஷம் ஆகஸ்டு மத்தியில் இந்தியாவை விலக்கி வைத்தது. பதினொரு நாட்களில் அந்தத் தடை நீங்கிற்று என்றாலும், அந்த இடைவெளியில் தண்டனையை அனுபவித்தது யார்? ஆசியக் கழகங்களின் பந்தயத்துக்காகத் தாஷ்கெண்டு வரையில் சென்றிருந்த கோகுலம் கேரளக் கழகத்துப் பெண்கள்! நமது மலைக்கு அப்புறத்திலுள்ள ராஜ்யத்தின் பெயரைத் தாங்கிச் சென்ற அந்தப் பெண்கள் பந்தைத் தொடாமலே திரும்பினார்கள். பீடத்தில் இருந்தவர் எவருக்கும் ஒரு ரோமமும் உதிரவில்லை.

செப்டம்பரில் தேர்தல் நடந்தது. முன்னாள் கோல் காவலரும் பாரதீய ஜனதாக் கட்சியினருமான ஸ்ரீ கல்யாண் சௌபே, பெயர்பெற்ற ஆட்டக்காரரான ஸ்ரீ பாய்ச்சுங் பூடியாவை முப்பத்து மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார். ஆட்டக்காரர் ஒருவர் தலைமைக்கு வந்தார் என்று மகிழ்வோர் மகிழலாம். ஆனால் காங்கிரஸ், தேசியவாத காங்கிரஸ், பாரதீய ஜனதா என்று பீடம் கை மாறியதேயன்றி, அரசியல் கட்சிகளின் எல்லையைத் தாண்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசிய வாரியம், தனி நியாயசபை எல்லாம் அதில் உண்டு. சட்டம் மேலிருந்து ஒழுங்கு செய்யலாம். கீழே திடலும் சங்கமும் இல்லாவிட்டால் மேலே ஒழுங்கு செய்ய என்ன இருக்கிறது?

ஒரு ஏக்கரா

இப்போது மறுபடி ராசிங்காபுரத்துக்கு வருவோம். பந்தாட்ட விதிகளின்படி களத்தின் நீளம் தொண்ணூறு மீட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் நாற்பத்தைந்து மீட்டருக்குக் குறையக் கூடாது. பெருக்கிப் பார்த்தால் 4,050 சதுர மீட்டர். ஏறக்குறைய ஒரு ஏக்கரா! ஆகச் சிறிய முறையான களத்துக்கு ஒரு ஏக்கரா நிலம் போதும். ஒரு தலைவரின் விளம்பரத் தட்டிகளுக்கும் ஒரு நாள் பந்தலுக்கும் ஆகும் செலவைச் சில வருஷங்கள் சேர்த்துவைத்தால், அந்த ஒரு ஏக்கராவைச் சமன்படுத்தி, வேலியிட்டு, குடிதண்ணீர்க் குழாய் ஒன்று வைத்துவிடலாம். அந்தத் திடலில் அவர் படம் இராது. ஆனால் ஊர்ப்பிள்ளைகள் இருப்பார்கள்.

நிலத்தைக் கேட்பதற்கு எவருடைய வாசலிலும் காத்து நிற்க வேண்டுவதில்லை. 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிச் சட்டம் ஊராருக்குக் கிராமசபையைக் கொடுத்திருக்கிறது. வாக்காளர் ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். ஆகஸ்டு 15-ந் தேதி கிராமசபை கூடும் நாட்களில் ஒன்று; மோகன் பகான் பிறந்ததும் அதே தேதிதான். புறம்போக்கில் விளையாட்டுத் திடலுக்கென்று இடம் ஒதுக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவர வேண்டியவர்கள் வாலிபர்களே. 2025 ஜனவரியில் நமது ஜில்லா உட்படப் பெரும்பாலான ஜில்லாக்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தலைவர் நாற்காலி காலியாகலாம், கிராமசபை காலியாவதில்லை. இதை உணராத ஊரில்தான் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பெரிய மனிதரைத் தேடிப் போகிறார்கள்.

நிலத்துக்கு அடுத்தபடி சங்கம். 1975-ம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். விதிகளை எழுதுங்கள். அங்கத்தினர் சந்தா சிறிதாயினும் அனைவரும் கொடுக்கட்டும். சந்தா கொடாதவனுக்குக் கணக்குக் கேட்கும் துணிவு வராது. வருஷத்துக்கு ஒரு முறை பொதுக்கூட்டம் கூட்டி வரவு செலவைப் படியுங்கள். தலைவரின் பதவிக்கு ஆண்டு வரம்பு கட்டுங்கள். ஒரு தெருவுக்கு, ஒரு ஜாதிக்கு என்று கோஷ்டி அமைக்காதீர்கள். அப்படி அமைந்த கோஷ்டியின் வெற்றி அடுத்த தெருவின் வெறுப்பாக மாறும். பெண் பிள்ளைகளையும் ஒதுக்காதீர்கள். நமக்கு அண்டையிலுள்ள மதுரையைச் சேர்ந்த சேது கழகத்துப் பெண்கள் 2019-ல் அகில இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றிருக்கிறார்கள். மதுரை நமக்குத் தூரமா? 1928-ல் போடிக்கு வந்து, 2010-ன் முடிவில் பாதை மாற்றத்துக்காக நின்று, 2023 ஜூனில் திரும்பிவந்த ரயிலில் ஏறினால் போய்விடலாம்.

ஸ்தல அரசியல்வாதிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களை விலகிப் போங்கள் என்று நாம் சொல்லவில்லை. நிலத்துக்குச் சர்க்காரிடம் வாதாட, விதிகளை அமைக்க, ஜாதிச் சண்டை எழுந்தால் நடுவே நிற்க அனுபவமுள்ள பொது மனிதர் தேவைதான். பூபேந்திரநாத் அப்படித்தான் வந்தார். ஆனால் பயிற்சியைப் பயிற்சி தெரிந்தவனிடம் விடுங்கள். பணப்பெட்டியைக் கணக்கனிடம் விடுங்கள். வெற்றியை ஆடினவனிடம் விடுங்கள். பதினைந்து வருஷம் கோப்பை வராவிட்டாலும் பொறுத்திருங்கள். காலம் வந்ததும் எழுந்து விடுங்கள்.

நூற்றிருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகியும் பூபேந்திரநாத்தின் பெயரை நாம் இன்று சொல்வதற்கு அவர் பெற்ற பட்டங்கள் மட்டும் காரணமல்ல. அவர் இல்லாத ஒரு ஜூலை மாலையிலும் அந்தக் களத்தில் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். ராசிங்காபுரத்தின் மலையடிவாரத்திலும், தோட்டத்திலிருந்து இறங்கிவரும் தாய் தன் மகனைத் தேடும்போது அவன் டீக்கடையில் இல்லை, திடலில் இருக்கிறான் என்று அண்டை வீட்டார் சொல்லும் நாள் வரவேண்டும். அந்த நாளைக் கொண்டுவருகிறவர் யாரோ, அவரே அந்த ஊரின் தலைவர். அவருக்குத் தட்டி தேவையில்லை.